எத்தனை கணினியில்

புதுவயல் அரிசி ஆலையின் பில் அறையில்
இடி இறங்கி ஒன்பது நாள்.
போர்டு மாற்றினேன். டிஸ்க்கைத் துடைத்தேன்.
துணியால் துடைப்பதல்ல இது.
நாலு வருட மூட்டைக் கணக்கு, தவிட்டுக் கணக்கு,
லாரி நம்பர், கடன் சொன்னவர்கள் பட்டியல்
எல்லாம் போய்
வெறும் நீலத் திரை.

கணக்கின் நகல் அடைக்கலமேரியின் சாப்பாட்டுப் பையில்
ஊறுகாய் டப்பாவுக்குப் பக்கத்தில்
பென்டிரைவாக இருந்தது.
வெள்ளிக்கிழமைதோறும் எடுத்து வைப்பாளாம்.
யாரும் சொல்லி அல்ல.

ஆக, இல்லாதது சாவி மட்டும்.

கேபினட்டின் விலாவில் ஒட்டியிருந்தது அது.
ஐந்தைந்தாய் இருபத்தைந்து எழுத்து.
தவிடு தின்றது போக மீதியை
டார்ச் அடித்துப் படித்தேன்.
எட்டா, பி-யா?
ஜி-யா, ஆறா?
எச்சில் தொட்டுத் துடைக்க வந்தவளை
"வேண்டாங்க, இருக்கிறதும் போயிரும்" என்றேன்.

மூன்றாம் முறை திரை பதில் சொன்னது:
இந்தச் சாவி வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது.

வேறொரு கணினியா?
அதன் போர்டு என் பைக்குள்
கருகின வாசனையோடு கிடக்கிறது.
விலகிக்கொள்கிறேன் என்று
போகும்முன் அது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டுமாம்.
இடி அவ்வளவு அவகாசம் தருமா?
எங்கோ ஒரு சர்வரின் பேரேட்டில்
அது இன்னும் புதுவயலில் உட்கார்ந்து
பில் போட்டுக்கொண்டிருக்கிறது.

முதலாளி சாத்தப்பன் எட்டிப் பார்த்தார்.
"புதுசு வாங்கினா எவ்வளவு?"
சொன்னேன்.
"பழசுக்கு என்ன கேடு?"
போய்விட்டார்.

காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவில்
கதவில்லாத சாவிகளைக் கொத்துக் கொத்தாய் விற்கிறார்கள்.
என் கடைக்கு எதிரே ஒருவன்
முந்நூறு ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான்,
ஒரே சாவியை எத்தனை பேருக்கு என்று
அவனுக்கே கணக்கில்லை.
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் பென்டிரைவைக் கையில் பொத்தி வைத்திருந்ததைப் பார்த்து
போனை எடுத்தேன்.

ஆறாறு எண்ணாக ஒன்பது கட்டம்.
ஐந்தாவதில் உமி லாரி ஹாரன் அடித்தது,
மறுபடி முதலிலிருந்து.
பிறகு, பதிவு செய்த பெண்குரல்:
இந்த மென்பொருளை எத்தனை கணினியில் நிறுவியிருக்கிறீர்கள்?

"ரேஷன் கார்டும் இதே கதைதாண்ணே,"
என்றாள் அடைக்கலமேரி, பிரிண்டரில் தாள் அடுக்கியபடி.
"எம் பேரு இன்னும் தேவகோட்டை கார்டுல இருக்கு.
அங்க நீக்கினாத்தான் இங்க சேப்பாங்களாம்.
அவரு நீக்க விடமாட்டேங்குறாரு.
எட்டு மாசமா எஞ் சீனிய அவுகதான் வாங்குறாக."

குரல் இரண்டாம் தடவை கேட்டது.
எத்தனை கணினியில்?

ஒன்று, என்றேன்.

நம்பிவிட்டது.
சாட்சி கேட்கவில்லை,
வி.ஏ.ஓ. கையெழுத்துக் கேட்கவில்லை,
இரண்டு போட்டோ கேட்கவில்லை.
எண்களை வாசிக்கத் தொடங்கியது. நான் திருப்பிச் சொல்ல
பழைய பில்லின் முதுகில் அவள் எழுதினாள்,
ஒவ்வோர் ஏழுக்கும் இடுப்பில் ஒரு கோடு இட்டு.

செயலாக்கப்பட்டது.

பில் எண் ஒன்று என்று காட்டியது கணினி.
பென்டிரைவைச் சொருகி
பதினெட்டாயிரத்து நானூற்று ஏழுக்கு
அவளே கொண்டுவந்து நிறுத்தினாள்.
"பிரிண்டர் ஓடுதான்னு பாக்கணும்ல?" என்றவள்
பில் எதுவும் எடுக்கவில்லை.
வெற்றுத் தாளில், எழுத்தைத் தேடித் தேடி அடித்தாள்:

அனுப்புநர்.
பெறுநர், வட்ட வழங்கல் அலுவலர்.
பொருள்: பெயர் நீக்கம் கோருதல் தொடர்பாக.

எட்டு வரி. அதில் அவர் பெயர் ஓரிடத்தில்தான்.
இரண்டு பிரதி எடுத்தாள்.
மூடும்போது, சேமிக்க வேண்டுமா,
என்ன பெயரில் என்று கேட்டது கணினி.

கொஞ்சம் நேரம் எடுத்தாள்.
அடைக்கலமேரி என்று அடித்தாள்,
முன்னால் எந்த எழுத்தும் இல்லாமல்.

"பில்லு வருதா?" என்றார் சாத்தப்பன் வாசலிலிருந்து.
"வருது," என்றோம்.